கருவாடும் சோடாவும்

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை.

நீங்கள் விமானம் ஏறிய மறுநாளே அப்பாவுக்கு மூச்சு முட்டியது. முகமும் கால்களும் வீங்கி, படுக்க முடியாமல் கதிரையிலேயே இருந்தார். வட்டக்கச்சியிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

"என்னத்தைக் குடுத்தனீங்கள்?" என்று நேர்ஸ் என்னைத்தான் ஏசினா. நீங்கள் வாங்கி வந்த கருவாட்டையும், அதைத் தின்று தாகமென்று அவர் கேட்டபோதெல்லாம் நீங்கள் ஊற்றிக் கொடுத்த சோடாவையும் சொன்னேன். பழுதான சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றாது என்று உங்களுக்கு எத்தனை தரம் சொன்னேன்! "பெத்த தேப்பனுக்கு உப்புக்கூடக் குடுக்காத கல்நெஞ்சுக்காரி" என்று சொந்தக்காரர் முன்னால் சிரித்தீர்கள்.

இரத்தம் சுத்திகரிக்கிற மெசின் அவ்வளவு நீரையும் இழுக்க, பிரஷர் விழுந்தது. கால் தசை இழுத்துப் பிடித்து அப்பா குழந்தைபோலக் கத்தினார். அந்தக் காலை நான்தான் தேய்த்துவிட்டேன்.

வீட்டில் நாங்களும் அவரோடு உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறோம். அது உங்கள் கண்ணில் படவேயில்லை.

மெசினிலிருந்து கழற்றியதும் அப்பா முதலில் கேட்டது, "பெரியவன் திரும்ப எப்ப வாறான்?"

"கெதியா வருவார் அப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

வாங்கோ. வந்து, அந்த மெசினுக்குப் பக்கத்தில் ஒருநாள் இருந்து பாருங்கோ.

உங்கள் தங்கை