கொக்கிக்கு ரெண்டு சங்கிலி

மே 4

கருவண்டு, என் மவனே, உன் படுக்கை வண்டிய இன்னைக்கு உன் சித்தப்பா வல்லிநாயகம் வெளிய இழுத்துப் போட்டுக் கழுவுதாரு. நீ கேம்பர்னு சொல்லுவ. குத்தாலத்துல சாரல் நேரம் ரூம் கிடைக்காம அலையுதவங்க படுத்துக்கட்டும்னு உன் சின்னக் காருக்குப் பின்னால கட்டி இழுத்தியே, அதேதான். உன்னைக் கொன்ன வண்டி.

"சீசன் வருது மதினி. சும்மா கிடந்தா துருப் பிடிச்சிரும்."

துருவைப் பத்தி இப்பதான் இவருக்குக் கவலை!

மே 6

காரையும் வண்டியையும் சேக்குத பழைய கொக்கியையே மறுபடி வெல்டு வச்சுக் கொண்டாந்திருக்காரு. அதே பம்பர்ல. போன வருசம் புளியரை ஏத்தத்துல நீ காரை நிறுத்தினப்போ பிஞ்சுதே, அதே இடத்துல. வண்டி பின்னால உருள, நீ கல்லைத் தூக்கிட்டு டயருக்கு வைக்க ஓடி—

எழுத முடியல.

மே 9

கேட்டுட்டேன். "சங்கிலி எங்க?" கொக்கி விட்டாலும் வண்டி ஓடிராம இருக்க சங்கிலி வேணும்னு யோகம் போன்ல படிச்சுச் சொன்னா. உன் பொண்டாட்டிக்கு அந்த அளவு தெரியுது.

சிரிக்காரு. "அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு எனக்கு மெக்கானிக் வேலை சொல்லுதீங்களா மதினி? அவனுக்குக் கண்ணு பட்டுட்டு. இந்தத் தடவை பெரிய பூசணிக்காயா உடைச்சிருவோம்."

போன தடவை உடைச்சது என்ன, சுண்டைக்காயா? கொக்கியில எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினது யாரு? அந்த நூலைக் கட்டின கைக்கு ஒரு சங்கிலி மாட்ட நேரமில்லையாக்கும்! "ஆளு காத்துக் கிடக்கு, சங்கிலி பொறவு பாக்கலாம்லே"ன்னு உன்னை விரட்டினது என் காதுல இன்னும் நிக்குது.

கண்ணாம் கண்ணு. பிஞ்சது இரும்பு.

மே 10

கார் சாவி என் இடுப்புல இருக்கு. கேட்டா கேட்கட்டும்.

மே 15

யோகம் வந்து நிக்கா. "அத்தை, நான் ஓட்டுதேன்."

எனக்கு வந்த கோவத்துக்கு... "ஏட்டி, ஒருத்தனைக் கொடுத்தது போதாதா?"ன்னு கத்திட்டேன்.

அவ அசையல. "அதுக்குத்தான் ஒழுங்காச் செய்வோம்ங்கேன். அவர் கையால செஞ்சது அத்தை. பழைய இரும்புக்குப் போடவா?"

இடுப்புச் சாவிய அவுத்து அவ கையில வச்சேன்.

மே 23

தென்காசி பட்டறையில நாள் பூரா நின்னோம். கொக்கி இப்ப பம்பர்ல இல்ல. காருக்கு அடியில, சட்டத்தோட சேர்த்து போல்ட்டு. சங்கிலி ரெண்டு, பெருக்கல் குறி மாதிரி குறுக்க. படுக்கை வண்டிக்குத் தனி பிரேக்கு. கார் பிரேக்கை அமுக்கினா வண்டிக்குப் பின்னாலயும் சிவப்பு லைட்டு எரியுது.

எடை போட்டுப் பாத்தா, உன் சின்னக் காரு இழுக்க வேண்டியதுக்கு மேல கனம் இருந்துருக்கு. ஒரு கட்டிலையும் அலமாரியையும் கழட்டியாச்சு. வால் பக்கம் இருந்த தண்ணித் தொட்டி சக்கரத்துக்கு முன்னால வந்துட்டு. பின்னால கனம் இருந்தா வண்டி வாலை ஆட்டுமாம்.

டயருக்கு வைக்க மரக்கட்டையும் வாங்கிட்டேன். இனி கல்லைத் தேடி யாரும் ஓட வேண்டாம்.

எல்லாம் முடிய ஒரு நாளுதான். ஒரே நாளு! அதுதான் போன வருசம் இவருக்கு இல்லாமப் போச்சு.

ஜூன் 1

"இதெல்லாம் தாங்குமா, ரோட்டுல போனாத்தான தெரியும்" னாரு சித்தப்பா.

"ரோட்டுல எதுக்கு? இங்கனயே தெரியட்டும். கொக்கிய அவுருங்க."

நாங்க நின்னது செங்கோட்டைக்கு வெளிய ஒரு மேட்டுல. பின்னால மண்குவியல், ஆளு கிடையாது. யோகம் காருக்குள்ள பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருந்தா. அவரு ஓரமா நின்னு அவுத்தாரு. வண்டி மடார்னு பின்னால சரிஞ்சுது. சங்கிலி விறைச்சு, வண்டியோட மூக்கு தரையில படாம அந்தக் குறுக்குச் சங்கிலி மேலயே விழுந்து, நின்னுட்டு.

நின்னுட்டு, கருவண்டு.

சித்தப்பா மண்ணுல உக்காந்துட்டாரு. "இம்புட்டு சங்கிலி மதினி... இம்புட்டுதான்"னு மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு. நான் ஆறுதல் சொல்லல. ஏன் சொல்லணும்?

ஜூன் 14

சாரல் விழுந்துட்டு. ஆரியங்காவுல ஒரு குடும்பம் வண்டி கேட்டிருந்தாவ. யோகம் ஓட்டினா, நான் பக்கத்துல.

கிளம்பும்போது சித்தப்பா எலுமிச்சம்பழத்தோட வந்தாரு. பழத்தைக் கீழ வச்சுட்டுக் குனிஞ்சு ரெண்டு சங்கிலியையும் இழுத்துப் பாத்தாரு. ஒவ்வொரு போல்ட்டா திருகிப் பாத்தாரு. பொறவுதான் நூலை எடுத்தாரு. கட்டட்டும்னு விட்டுட்டேன்.

புளியரை ஏத்தத்துல யோகம் மெதுவாப் போனா. அந்த இடம் வந்ததும் அவ ரோட்டைத்தான் பாத்தா. நான் திரும்பிப் பாத்தேன். வண்டி பின்னாலயே வந்துக்கிட்டு இருந்துது.

ஒரு தகரமும் நாலு மெத்தையும்தானே லே. போனாப் போவுதுன்னு நீ காருக்குள்ளயே இருந்திருக்கக் கூடாதா?