கடைசி வரியில் ஒன்பது புள்ளிகள்

சிநேகிதி, நேற்றுப் பின்னேரம் என் கணினித் திரையில் ஒன்பது வெறும் பெட்டிகள் வந்து நின்றன. உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலரில் போட, நீர் மெட்டுப் போட்ட அந்த அம்மன் பாட்டை அனுப்பச் சொல்லி உம்முடைய மகள் கேட்டிருந்தாள். அந்தக் காலத்தில் நான் தட்டிய கோப்பு, கணினிக்குக் கணினி மாறி இன்னும் என்னிடம் கிடக்கிறது. புதிய எழுத்துருவுக்கு மாற்றினேன். சொற்கள் ஒழுங்காக வந்தன. கடைசி வரியின் சுரங்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஆளுக்கொரு சதுரப் பெட்டி.

ஏதோ குப்பை என்று அழிக்கப் போனேன். கைபேசியில் திறந்து பார்த்தேன். பெட்டிகள் கேள்விக்குறிகளாகி நின்றன. அச்சுக்கு அனுப்பும் வடிவத்துக்கு மாற்றினேன். ஒன்றுமேயில்லை, வெறும் சுரங்கள். அந்த வெறும் வரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பழைய எழுத்துருவை எங்கெல்லாமோ தேடிப் பிடித்து, மூலக் கோப்பைத் திறந்தேன். என்ர கடவுளே! ஒன்பது சுரங்களின் தலையிலும் ஒன்பது புள்ளிகள். குரல் மேலே எழும்ப வேண்டும் என்று காட்டும் மேல்ஸ்தாயிப் புள்ளிகள். நீர் வைத்தவை.

தொண்ணூறாம் ஆண்டு இடப்பெயர்வுக்கு முந்தின வருடம் அது. நயினாதீவு அம்மன் தேருக்குப் பிள்ளைகள் பாட நீர் மெட்டுப் போட்டீர். நெருப்புக் காய்ச்சலில் கரம்பொன் வீட்டுக் கட்டிலில் கிடந்தபடியே சுரம் எழுதி, கொழும்பில் இருந்த எனக்குத் தபாலில் அனுப்பினீர். எங்கள் அலுவலகக் கணினியில், சும்மா கிடந்த ஒரு விசையில் ஒருவர் அந்தப் புள்ளியை ஏற்றி வைத்திருந்தார். நான் தட்டினேன். அச்சகத்தில் இருந்தது வேறு சாதிக் கணினி. அதற்கு அந்தப் புள்ளி என்னவென்றே தெரியாது. சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, வெறும் சுரத்தை அடித்துத் தந்திருக்கிறது.

நானாவது பார்த்திருக்க வேண்டாமா? அச்சுத் தாள் கட்டைக்கூடப் பிரிக்கவில்லை. ரயிலேறி, பஸ் ஏறி, குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, நேரே கோயிலுக்குக் கொண்டு போனேன். ஐயர் அதை அம்மன் காலடியில் வைத்து, குங்குமம் போட்டுத் தந்த பிறகுதான் நூலை அவிழ்த்தோம். காலடியில் வைத்து எடுத்த தாளில் பிழை பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லையே. பிள்ளைகள் தாளில் இருந்தபடியே பாடிப் பழகினார்கள்.

தேரன்று, எழும்பக்கூடாது என்று சொல்லியும் நீர் வந்து சேர்ந்தீர். மடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு நின்றீர். கடைசி வரி வந்தது. மேலே எழும்பி அம்மனைக் கூப்பிட வேண்டிய குரல்கள் கீழேயே முனகிக்கொண்டு முடிந்தன. பக்கத்தில் இருந்த ஒரு மனுசி, "இதென்ன, செத்தவீட்டுப் பாட்டு மாதிரிக் கிடக்கு?" என்று சொன்னது உமக்கும் கேட்டது. உம்முடைய முகம் வெளுத்துப் போயிற்று.

"நான் மேலதானே எழுதினனான்" என்றீர் என்னிடம்.

"உம்மட தாளில புள்ளி இருக்கேல்லை. நான் பார்த்துத்தானே தட்டினனான்!"

எனக்கு உண்மையில் ஞாபகம் இருக்கவில்லை. அந்தக் கிழமை எத்தனை தாள் தட்டினேனோ! ஆனாலும் சொன்னேன், அடித்துச் சொன்னேன். உம்முடைய கையெழுத்துத் தாளை எடுத்துப் பார்ப்போம் என்றால், அதையும் வேலை முடிந்ததென்று கொழும்பிலேயே எறிந்துவிட்டேன். நீர் குங்குமம் பட்ட அந்த அச்சுத் தாளை வாங்கிக் கனநேரம் பார்த்தீர்.

"அம்மன்ர காலடியில வைச்ச தாள். இதில பிழை இராது. காய்ச்சலோட எழுதினது, நான்தான் விட்டிட்டன் போல."

"சரி விடும், அடுத்த முறை கவனமா எழுதும்" என்றேன். எவ்வளவு பெரிய மனது எனக்கு! வெட்கமாக இருக்கிறது.

அடுத்த முறை வரவில்லை. மறுவருடம் போரில் தீவே காலியாயிற்று. நீர் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து கனடா போனீர். கடிதம் போட்டீர், பிள்ளைகளின் படம் அனுப்பினீர். மெட்டு மட்டும் வரவேயில்லை. குளிரும் வேலையும் உம்மை விடாது என்று நானே எனக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

நேற்றே உம்முடைய மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா கனடாவில் ஏதாவது மெட்டு எழுதினவவோ என்று முதலில் கேட்டேன்.

"இல்லை அன்ரி. 'என்ர கையை நம்ப ஏலாது, முக்கியமானதை விட்டிடும்' எண்டு சொல்லுவா. கடைச் சாமான் எழுதினாலும், எல்லாம் இருக்கோ பார் பிள்ளை எண்டு என்னட்டத் தருவா. ஏனெண்டு எங்களுக்கு விளங்கிறேல்லை."

புள்ளிகளின் கதையைச் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியாமலே போயிட்டுதே அன்ரி" என்று அழத் தொடங்கினாள்.

இந்த மடலை எங்கே அனுப்புவது? உம்முடைய கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இதை ஒரு மாதத்துக்கு முன்பு அறிந்திருந்தால் நேரே உமக்குச் சொல்லியிருப்பேன். முப்பது வருடத்துக்கு மேலாக நீர் உம்முடைய கையைச் சந்தேகப்பட்டீர். ஒருநாள்கூட என்னைச் சந்தேகப்படவில்லை.