கூட்டத்தில் தனியாகக் கேட்ட சிரிப்பு

நேற்று மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது உன் குரல் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. திரும்பிப் பார்த்தால், நம் பீங்கான் யூனிட்டில் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கப் புதிதாக வந்திருக்கும் பெண்கள் இரண்டு பேர் ஒரே போனில் குனிந்திருந்தார்கள். "நல்லா இருந்துச்சுங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு" என்று நீ அதற்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். நாலு வருஷத்துக்கு முந்தைய அதே வீடியோ. தியேட்டர் வாசல், கத்தரிப்பூ கலர் சட்டை. உனக்குப் பக்கத்தில் பல்லை இளித்துக்கொண்டு நான்.

அந்தப் பெண்களில் சின்னவள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இவரு நம்ம யூனிட்ல இருந்தவராமே? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன்.

"பக்கத்துல நிக்கிறது யாருண்ணே?"

அப்போது நான் தாடி வைத்திருக்கவில்லை, இப்போதைவிடக் கொஞ்சம் சதையும் போட்டிருந்தேன். உற்றுப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "தெரியலம்மா" என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது பார். டிபன் பாக்ஸை அங்கேயே வைத்துவிட்டு சூளைக்குப் பின்னால், உடைசல் கொட்டும் இடத்தில் போய் நின்றேன். அங்கே நின்றபோதுதான் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு மெசேஜ்கூட ஒழுங்காகப் போடாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நீ நக்கலடிப்பாய். அடி.

உன் மேசையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். சூளையிலிருந்து இறக்கிய டீ கப்புகளைத் தட்டிப் பார்க்கும் அதே வேலை, அதே வேப்பங்குச்சி. நல்ல கப் மணி அடித்தாற்போல இழுத்து ஒலிக்கும். விரிசல் விட்டது டொக்கென்று நின்றுவிடும். எனக்கு ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினால்தான் தெரிகிறது. உனக்கு அப்படியில்லை. பீங்கான் மாவு அரைக்கும் மெஷின் ஓடும், நாலு பேர் ஒரே நேரத்தில் தட்டுவார்கள், நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டே, "யக்கா, இப்ப வச்சீங்களே, அத எடுத்து வெளிய போடுங்க" என்பாய். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். "பாம்புக் காதுடா உனக்கு" என்று மாணிக்கண்ணன் சொல்வார். சூளை எரிப்பவர், யாரையும் லேசில் பாராட்டாதவர், அவரே சொல்வார்.

நீ என்னிடம் சொன்னது மாசி மகத்துக்கு மறுநாள். மணிமுத்தாற்றுப் பாலத்தில் பைக்கை நிறுத்தச் சொன்னாய். கீழே மணலில் ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வரலடா. ஆம்பளைங்க மேலதான் வருது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றாய். நான் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "என் மேலயா?" முட்டாப்பய. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "உன் மூஞ்சிய என்னைக்காவது கண்ணாடில பாத்திருக்கியா?" என்றாய். அதன்பிறகு உன் கண் கலங்கியது. "வூட்ல தெரியாது. வேற யாருக்கும் தெரியாது. உன்கிட்ட மட்டும்தான் வச்சிருக்கேன்" என்றாய். நான் உன் தோளில் கைபோட்டு, "விடு மாப்ள, நான் இருக்கேன்" என்று சொன்னேன். சொன்னேனா இல்லையா?

மாசம் ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். யூனிட் ஓடாது. கூட்டமாக மேட்டினி போவது நம் வழக்கம். என்ன படம் என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு மாசம் நீதான் படத்தைச் சொன்னாய். மாணிக்கண்ணன், "யாரு ஹீரோ?" என்றார். "ரெண்டு ஹீரோண்ணே." "அப்ப சண்டை பலமா இருக்கும், வாங்கடா" என்று கிளம்பிவிட்டார். போஸ்டரிலும் இரண்டு ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்து நின்றதால் எல்லாரும் சண்டைப் படம் என்றே நம்பினோம். நீ இல்லையென்று சொல்லவில்லை.

படத்தைப் பற்றிப் பேப்பரில் வந்த விமர்சனத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தாய். டிக்கெட் வரிசையில் எனக்கு மட்டும் காட்டினாய். இரண்டு ஆண்களின் காதலை இவ்வளவு கண்ணியமாக யாரும் எடுத்ததில்லை, பார்க்கிறவர் மனசு கரையும் என்று எழுதியிருந்தார்கள். "மெட்ராஸ்ல இருக்குறவங்க கை தட்டிட்டாங்க. நம்மூர்ல ஒருத்தன் தட்டுனா போதும்டா எனக்கு" என்றாய். அந்த ஒருத்தன் நான்தான் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. என்னை மட்டும் தனியாகக் கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் இரண்டு ஆம்பளைகள் தனியாகப் போய் அந்தப் படத்தைப் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்காகப் பயந்தாய். எட்டுப் பேரோடு போனால் அது வெறும் மேட்டினி. அங்கேதான் உன் கணக்குத் தப்பியது.

இடைவேளை வரைக்கும் எல்லாரும் சண்டைக்குக் காத்திருந்தார்கள். படத்தில் கரும்பு லாரி ஓட்டுகிறவனும் ஆலையில் எடை போடுகிறவனும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒருவன் கையை மற்றவன் பிடித்தான். அவ்வளவுதான், பின்னாலிருந்து விசில். "டேய், ஃபேனைப் போடுங்கடா, சூடாவுது!" என்று ஒரு குரல். ஒரு குடும்பம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்து போனது. நீ நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் அந்தக் கஞ்சி. லாரிக்காரன் காய்ச்சலில் கிடக்கிறான். மற்றவன் கஞ்சியை ஆற்றி ஊட்டுகிறான், வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைக்கிறான். சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் இவன் பயந்து செத்தான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மாணிக்கண்ணன் என் விலாவில் இடித்தார். "பாருடா, பொண்டாட்டி தோத்தா போ!" தியேட்டரே சிரித்தது. அவர் என் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நீ எனக்கு மூன்று சீட் தள்ளி உட்கார்ந்திருந்தாய். அந்த இரைச்சலில் உனக்கு எங்கே கேட்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்தால் மைக்கோடு ஒரு யூடியூப் ஆள். மாணிக்கண்ணன் "டைம் வேஸ்டு" என்று கையை விரித்துவிட்டுப் போனார். மைக் உன்னிடம் வந்தது. "நல்லா இருந்துச்சுங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. அந்தக் கஞ்சி ஊட்டுற எடத்துல எதுக்குச் சிரிச்சாங்கன்னுதான் தெரியல. காய்ச்சல்ல கெடக்குறவனுக்கு யாரு ஊட்டுனா என்னங்க?"

அவன் விடவில்லை. "அண்ணே, நீங்க அந்த மாதிரியா?"

நீ என்னைப் பார்த்தாய். வீடியோவில் அது நன்றாகத் தெரிகிறது. ஒரு விநாடிதான். "படத்தப் பத்திக் கேளு தம்பி" என்று அவனை நான் தள்ளிவிட்டிருந்தால் போதும். அதைக்கூட நீயே சொல்லவேண்டியதாகிவிட்டது. நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரத்துக்குள் வீடியோவில் பாட்டைச் சேர்த்து, உன் அழுகையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஊர் முழுக்கச் சுற்றவிட்டார்கள். நம் யூனிட் குரூப்பிலும் வந்தது. யாரும் உன்னை அடிக்கவில்லை, வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. உன் பக்கத்தில் உட்காருவதை மட்டும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். சேத்தியாத்தோப்பில் உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசியிருந்த இடத்திலிருந்து, "நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்று போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எப்போதும் முன்னால் உட்காரும் உன் அம்மா, கடைசித் தூண் ஓரமாக நின்றுவிட்டு, பிரசங்கம் முடியுமுன் வந்துவிட ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உன் மேசைக்கு வந்து, "அந்த மைக்குக்காரன வுட்டனா பாரு" என்று வீரம் பேசினேன். நீ கப்பைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "அவன் என்ன செய்வான். தியேட்டர்ல எரநூறு பேரு சிரிச்சாங்க, எனக்கு ஒண்ணும் தோணலடா. உன் சிரிப்பு மட்டும் தனியாக் கேட்டுச்சு." அவ்வளவுதான் சொன்னாய். அடுத்த கப்பை எடுத்தாய். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்போம்.

மழைக்காலம் பிறக்குமுன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வேப்பூர் போய், அங்கிருந்து பஸ் மாறி ஓசூருக்குப் போய்விட்டாய். டைல்ஸ் கடையில் வேலை என்று உன் தங்கச்சிதான் சொன்னாள். நான் போன் பண்ணவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பது பொய். உன்னோடு பேசினால் என்னையும் சேர்த்துப் பேசுவார்கள் என்ற பயம். அதுதான் உண்மை.

இரண்டு வருஷம் கழித்து உன் ரூமில் கூடத் தங்கியிருந்தவர் எனக்குப் போன் பண்ணினார். "மஞ்சக்காமாலைங்க, முத்திப்போச்சு. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். யாராவது ஊட்டுனாத்தான் ரெண்டு வாய் எறங்குது. உங்க பேரத்தான் சொல்றாரு, வாங்க" என்றார். வூட்டில் சொல்லவேண்டாம், அம்மா தாங்கமாட்டார்கள் என்று நீ சொல்லியிருந்தாயாம். "லீவு கேட்டுட்டு வரேங்க" என்றேன். லீவு கேட்கவே இல்லை. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். பாவி, இரண்டு நாள்! மூன்றாம் நாள் மனசு கேட்காமல் உன் அம்மாவிடம் சொல்லி, அவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சேலம் தாண்டும்போது அந்த ஆள் மறுபடியும் கூப்பிட்டார். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓசூர் போய்ச் சேரும்வரை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அன்று மாணிக்கண்ணன் மாலையோடு வந்திருந்தார். எல்லாரும் போன பிறகும் கைகட்டி நின்றார். "நான் சும்மா தமாசுக்குத்தானேடா சொன்னேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவருக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்து சிரித்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது அந்தப் படத்துக்கு ஏதோ விருது கிடைத்திருக்கிறதாம். அன்றைக்கு மூன்றே நாளில் தூக்கிய படத்தைக் காவியம் என்கிறார்கள். அந்த மைக்குக்காரனே பாட்டையெல்லாம் எடுத்துவிட்டு, 'அன்றே அழுத அண்ணன்' என்று தலைப்புப் போட்டு மறுபடியும் விட்டிருக்கிறான். உடைசல் குவியல் பக்கத்தில் நின்று, என் போனில் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததையெல்லாம் வாசித்தேன். தங்கமான மனுஷன் என்கிறார்கள். இவர் எங்கே இருக்கிறார், தேடிப்பிடித்துப் பேட்டி எடுங்கள் என்கிறார்கள். பக்கத்தில் இளிப்பவனைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். யார் பெற்ற பிள்ளையோ, சரியாகத்தான் எழுதியிருக்கிறது. ஊரே கை தட்டுகிறதடா உனக்கு. நீ கேட்டது ஒருத்தனைத்தான்.

உள்ளே போய் அந்தச் சின்னப் பெண்ணிடம் சொன்னேன். "பக்கத்துல நிக்கிறது நான்தாம்மா."

"போங்கண்ணே, வெளையாடாதீங்க!" என்று சிரித்தாள். போனைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு டொக்கென்று நின்றது. அதை மட்டும் உன்னைப்போலவே கேட்டேன். பிறகு அவள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

நானும் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். குச்சியை எடுத்தேன். காய்ச்சலில் கிடப்பவனுக்கு யார் ஊட்டினால் என்ன என்று கேட்டாயே, அதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டில் கஞ்சி இருந்ததாம். பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்ட ரூம்காரர்தான் சொன்னார். ஊட்ட ஆள் இல்லாமல் ஆறிப்போய், அப்படியே எடுத்துக் கொட்டினார்களாம்.