மச்சானுக்குக் கொடுத்த தோட்டா

3 மார்ச் 2024, ஞாயிறு

நேற்றும் காட்டுப்பன்றி நிலத்தில் இறங்கியிருக்கிறது. சர்க்கரைவள்ளியில் நான்கு பாத்தி போச்சு. போன வாரம் மக்காச்சோளம்.

காலையில் குளிர் விடுவதற்குள் மேசையைச் சுத்தம் செய்து இருபது தோட்டா செய்து முடித்தேன். கடையில் ஒன்று ஆறு வெள்ளி. வெடித்த தோட்டாவின் காலிக் கூட்டிலேயே வெடிமருந்தும் ஈய ரவையும் மறுபடி நிரப்பினால் மூன்றுகூட ஆகாது. தோட்டா நிரப்ப ஈப்போவில் வாங்கிய கைப்பிடி மெஷினுக்குக் கொடுத்த பணம் இந்த வருஷத்துக்குள் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். என் மனைவி யோகேஸ்வரி அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. “அடுப்பு இருக்கிற வீட்டுல இத வெச்சிக்கிட்டு என்ன கணக்குங்க” என்றாள்.

நடுவில் தேயிலை பேக்டரியிலிருந்து போன். ரோலர் நின்றுவிட்டதாம். ஃபிட்டர் நான் ஒருவன்தானே. ஒரு மணி நேரம் போய்ச் சரிசெய்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

லைசென்ஸில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அனுமதித்த அளவுக்குத் தோட்டா வாங்கலாம். வீட்டில் செய்யலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

9 மார்ச்

மச்சான் வந்தார். யோகேஸ்வரியின் அண்ணன், பழனியப்பன். லெம்பா பெர்த்தாமில் எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. அவருக்கும் பன்றித் தொல்லை, அவரிடமும் லைசென்ஸ் துப்பாக்கி. இருபதில் ஆறைக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“கடைத் தோட்டா மாதிரியே இருக்கு மாப்பிள்ள. ஃபிட்டர் கைன்னா ஃபிட்டர் கைதான் லா.”

சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

14 மார்ச், வியாழன்

 

விடிந்ததும் நிலத்துக்குப் போனேன். பனிமூட்டம் பாதி விலகியிருந்தது. பெரிய ஆண் பன்றி ஒன்று பாத்தி ஓரமாக நின்றது. விசையை இழுத்தேன். வெடிச் சத்தம் இல்லை. ‘டொப்’ என்று ஒரு சத்தம், ஈரத்துணியை உதறியது போல. பன்றி என்னைத் திரும்பிப் பார்த்தது. ஓடக்கூட இல்லை. அவசரமாக அடுத்ததைப் போட்டு மூடி, குறி வைத்து, விசையில் விரலும் வைத்துவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. ரவை எங்கேயும் விழவில்லையே என்று தோன்றியது, அவ்வளவுதான். தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுக் குழலுக்குள் பார்த்தேன். மறுபக்க வெளிச்சம் தெரியவில்லை. மருந்து குறைந்த தோட்டா. ரவையும் தக்கையும் பாதி வழியில் அடைத்துக்கொண்டு நின்றன. இழுத்திருந்தால் குழல் என் முகத்துக்குப் பக்கத்தில் பிளந்திருக்கும்.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை. போன் வந்து எழுந்து போனேனே. எதில் மருந்து முழுசாகப் போட்டேன், எதில் போடவில்லை? எத்தனை இப்படி?

வீட்டுக்கு வந்து மிச்சத்தை எல்லாம் வாளித் தண்ணீரில் போட்டேன். உடனே மச்சானுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். “நாலு சுட்டேன் மாப்பிள்ள, ரெண்டு பன்னி. கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க மாப்பிள்ள செய்யறது கடைச் சாமானத் தூக்கி அடிச்சிரும்னு.”

கோயிலில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். போலீஸ் காதுக்கு எட்ட எத்தனை நாள்?

“நல்லதுங்க மச்சான்” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டுதான் மிச்சம். நான்கு நன்றாக வெடித்திருக்கிறதே.

15 மார்ச்

சொல்லவில்லை. போனில் வேண்டாம். நேரில் போய்ச் சொல்லிவிட்டு இரண்டையும் வாங்கி வந்துவிடலாம்.

16 மார்ச்

பேக்டரியில் ஓவர்டைம். பிறகு மழை. மழைதான் காரணமா?

17 மார்ச், ஞாயிறு

காலை ஏழரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். ரிங்லெட் டவுனைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. நாகரத்தினம் அக்கா, மச்சானின் மனைவி.  “கை... கை மாப்பிள்ள...” என்று மட்டும் வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை லோரியில் ஏற்றியிருந்தார்கள். இடது கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டின் நிறம் என்ன என்று சொல்ல முடியவில்லை. ஐந்தாவது தோட்டா ‘டொப்’ என்றதாம். நனைந்திருக்கும் என்று நினைத்து ஆறாவதைப் போட்டாராம்.

இரண்டு விரல் போய்விட்டது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

18 மார்ச்

ஆஸ்பத்திரியில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது மச்சான் என்னைக் குனியச் சொன்னார். “பழைய தோட்டா, எங்க வாங்குனேன்னு ஞாபகம் இல்லேன்னு போலீஸ்ல சொல்லிட்டேன். நீங்க வாயத் தொறக்காதீங்க. உள்ள தூக்கிப் போட்டா என் தங்கச்சி கதி என்ன?”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தக் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே, நிம்மதியாக இருந்தது. என்ன மனுஷன் நான்?

அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமையே எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

20 மார்ச்

யோகேஸ்வரி துணி துவைக்க வாளியை எடுத்திருக்கிறாள். வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“இத என்னைக்குத் தண்ணில போட்டீங்க?”

எழுந்து வாசலுக்குப் போனேன்.

“வியாழக்கிழமையே இந்த வாளிய நான் தேடுனேன். பின்னால மறைச்சி வெச்சிருந்தீங்க. அப்ப அன்னைக்கே தெரியும் உங்களுக்கு.”

நாலு வெடிச்சிருச்சே, ரெண்டுதானேன்னு நெனச்சேன்னு சொல்றதா? கோயில்ல எல்லாரும் சிரிப்பாங்கன்னு நெனச்சேன்னு சொல்றதா? அவ அழுதிருந்தாலும் பரவாயில்ல. அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோகிற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

22 மார்ச்

லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லார் வீட்டுக்கும் போலீஸ் வருகிறதாம். தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னார். மதியம் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் ஒரு கார் திரும்பியது. சோற்றுத் தட்டோடு எழுந்து பின்கதவுக்குப் போய்விட்டேன். காய்கறி எடுக்க வந்த சீனர் அவர்.

மெஷின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எங்கே கொண்டு போடுவது? ஏரியிலா? போகும் வழியில் நிறுத்தினால்? தூக்கமில்லை. ஜெயிலை நினைத்து ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் மச்சானின் முகம்.

24 மார்ச்

சொல்லிவிட்டேன்.

மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தலையணைமேல் வைத்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். வியாழன் காலை, அடைத்த குழல், வாளி, போன். எதையும் விடவில்லை.

தலையணைமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மூணு நாளு” என்றார். பிறகு, “போன்லயே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ள. ஒரு வார்த்த. சுடாதீங்கன்னு ஒரு வார்த்த.”

“மச்சான்...”

“போங்க.”

அவர் கத்தியிருந்தால் நின்றிருப்பேன்.

25 மார்ச்

துப்பாக்கி, மெஷின், வாளியில் இருந்தவை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. போலீஸே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று தொடாமல் வைத்திருக்கிறேன். யோகேஸ்வரியிடம் சொன்னேன், ரிங்லெட் போலீஸ் பாலாய்க்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று. உள்ளே போனாள். திரும்பி வந்தபோது என் குளிர்ச் சட்டை அவள் கையில் இருந்தது. “லாக்கப்புல வெச்சிருந்தா குளிரும்” என்றாள்.

ஐந்து நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

30 மார்ச்

நான்கு நாள் உள்ளே. இப்போது ஜாமீன். லைசென்ஸ் ரத்து. கேஸ் நடக்கும். வக்கீல் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

2 ஜூன், ஞாயிறு

கேஸ் ஜூலைக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

இன்று நிலத்தில் தனியாக வேலி போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்பார்க்கவே இல்லை, வரப்பு வழியாக மச்சான் வந்தார். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். நான் ஒற்றை ஆளாகக் கம்பத்தைப் பிடிக்கவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல் அல்லாடுவதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, இடது கையால், அந்த மூன்று விரலால், கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

சம்மட்டியைக் கீழே இறக்கினேன். “வேணாம் மச்சான். நாகரத்தினம் அக்காவக் கூப்பிடலாம்.”

“அடிங்க.”

“கை தவறிட்டா...”

“தவறுனா சொல்லுங்க” என்றார், கம்பத்தைப் பார்த்துக்கொண்டே. “உடனே சொல்லுங்க.”

அடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

இருட்டுவதற்குள் பதினேழு கம்பம் நட்டோம்.