பழைய புத்தகத்தில் இருந்த பெயர்

ஜூன் 9, செவ்வாய், இரவு

இன்று வகுப்பில் டீச்சர், “நாட்டின் அதிபர் யார்?” என்று கேட்டார். முந்திக்கொண்டு கைகட்டி எழுந்தேன். பழைய பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த பெயர் வாயில் வந்துவிட்டது. ஆட்சியைப் பிடித்த ராணுவம் சிறையில் போட்டவரின் பெயர்.

டீச்சர் முகம் வெளுத்து, “உட்கார்” என்றார்.

“உனக்கு எவ்வளவு தைரியம்டி!” என்று பக்கத்தில் இருந்த என் தோழி தீடா என் கையை அழுத்தினாள். தைரியமே இல்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னதும் கதவைத் தாழிட்டார். “வார்டு ஆபீஸ்காரர் மகளும் கேட்டாளா?”

கேட்டாள். முதல் பெஞ்சு. அவள் அப்பாதான் எங்கள் தெருச் செய்திகளை ராணுவத்துக்குச் சொல்பவர்.

என்னை விசாரிக்க வந்தால் அண்ணன் அகப்படுவான். பட்டாளத்துக்குப் பிடித்துப்போவார்கள் என்று மூன்று மாதமாக மாடியில் ஒளிந்திருக்கிறான். விடிந்ததும் அலோன் மாமா வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்று தெரியவில்லை.

அம்மா அவன் துணிகளை அடுக்குகிறார். அண்ணன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.