ஒரு முழம் குறைந்த கூரை

வானத்தையே வீட்டுக்குள் இறக்கிய கட்டடக் கலைஞரும் என் ஒரே மருமகளுமான வாலுக்கு, உன் தாய்மாமன் பேரன்புடன் எழுதுவது.

இதில் நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். நீயும் சிரமப்பட்டு நம்ப வேண்டாம்.

நீ வரைந்தபடியே உங்கள் உணவகம் எழும்பிவிட்டது. நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் போல ஓட்டுக் கூரை, மரத்தூண்கள், நடுவே திறந்த முற்றம். தூண்களின் பருமனைப் பார்த்த யானை ஒன்று வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. சமையலறை மட்டும் புது மோஸ்தர். அடுப்பே நம்மை நலம் விசாரிக்கிறது.

உன் அப்பாவின் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று கத்தியதையே, "மழையில எவன்டா உக்காந்து சாப்பிடுவான், முத்தத்த மூடியே தீருவேன்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். திறப்பதற்கு முன்பே கண்ணாடிக் கடைக்காரரிடம் கூரைக்கும் சொல்லிவிட்டார். தையல்கடைக்காரர் அல்லவா, மேஸ்திரியை நம்பாமல் தன் பழைய இஞ்சு டேப்பால் தானே அளந்தார். மறுமுனையைப் பிடித்தவன் நான்.

ஏழு லாரிகளில் கூரை வந்தது. தூக்கி வைத்தால் ஒரு முழம் குறைவு. "என்ன மச்சான், ராத்திரி வானம் குண்டாயிடுச்சா?" என்றேன். "முத்தத்த மூட முடியலேன்னாலும் உன் வாயையாவது மூடு மாப்ள. கடைக்காரன் தப்பா வெட்டிட்டான்" என்றார். கடைக்காரரோ, "நீங்க சொன்ன அளவுதாங்க" என்று தலையைச் சொறிந்தார்.

திறந்த அன்றே மழை. மேகம் ஒன்று உள்ளே வந்து மூலை மேசையில் அமர்ந்து சூப் கேட்டது. சாப்பிட வந்தவர்கள் ஓடவில்லை. நாற்காலிகளை முற்றத்தின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். உன் அப்பா தூணோரம் நின்று, யாரும் பார்க்காத மாதிரி மழையில் கையை நீட்டினார். வேறு கூரை வெட்டித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, "வரைஞ்சவ வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்" என்கிறார்.

உன் அம்மா நலம். நீ எங்கிருந்தாலும் நன்றாயிரு. ஆனால் ஒருமுறை இங்கு வந்து இரு.

இப்படிக்கு,
பொய்யைத் தவிர வேறொன்றும் அறியாத
மாமா

யானை, லாரி, மேகம் எல்லாம் என் கைச்சரக்கு. ஒன்று மட்டும் மெய். அன்று நான் டேப்பைப் பார்த்து உரக்கப் படித்த அளவு சரியானது. நாற்பது வருஷமாக ஒரு சட்டைகூடப் பிசகாமல் தைத்த மனிதர், கடைக்காரரிடம் ஒரு முழம் குறைத்துத்தான் சொன்னார்.