கண்ணால் காணாத கூடாரம்

ஜூலை 9
இன்றும் நேர்முகத் தேர்வு. கடற்கரை விடுதிக்காரன் என் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஆர் அனுப்பினது?" என்று மட்டும் கேட்டான். யாரும் அனுப்பவில்லை என்றேன். அவ்வளவுதான். காற்றுக்கு வந்து பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரனின் பட்டத்தைச் சுருட்டவும் இந்தக் கரையில் சிபாரிசு வேண்டும்.

போகட்டும். போனில் என் ஏலக் கடை இருக்கிறது. கடை என்றால் இடமும் இல்லை, சாமானும் இல்லை. கொழும்பு நிறுவனமொன்றின் படங்களை ஏலத் தளத்தில் போடுவேன். ஏலம் யாருக்கு விழுகிறதோ அவருடைய முகவரியை நிறுவனத்துக்கு அனுப்புவேன். பொருள் அங்கிருந்து நேரே அவருக்குப் போகும். நான் கண்ணால்கூடக் காண்பதில்லை. ஒருவன் முன்னாலும் போய் நிற்கத் தேவையில்லை.

ஜூலை 12
தலவில புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு ஊர் ஊராகச் சனம் வந்து கரையில் தங்கும். அதனால் ஏழு கூடாரம் ஏலத்துக்குப் போட்டேன். இரட்டைத் துணி, தடித்த கம்பு. படத்தில் பச்சைப் புல்வெளி. ஏழும் ஏலம் போயின. ஒன்றை எடுத்தவர் சிலாபத்து எமிலியா. போனில் கேட்டார்: "தம்பி, அவருக்கு ஒப்பரேசன் செஞ்சு ரெண்டு மாசம். நேர்த்தி வச்சிருக்கு, திருநாள் முடியுமட்டும் தங்கோணும். காத்துக்குத் தாங்குமா?"

"தாங்கும் அன்ரி."

எதை வைத்துச் சொன்னேன்?

ஜூலை 16
நிறுவனத்திலிருந்து செய்தி: அந்த வகை முடிந்துவிட்டது, அதே மாதிரி வேறொன்று இருக்கிறது, அனுப்பவா?

ஏலம் முடிந்த பிறகு ரத்துச் செய்தால் தளம் கணக்கைப் பூட்டும். ஏற்கனவே ஒருமுறை செய்திருக்கிறேன். புதியதின் படம் கேட்டேன், வரவில்லை. மூன்று தரம் எழுதி அழித்தேன். கடைசியில் ஒரு சொல்: சரி. எடுத்தவர்களிடம் சொல்லவில்லை.

ஜூலை 17
சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 24
ஏழில் ஒன்றை எடுத்தவன் நௌஃபர், என் பள்ளிக்கூடக் கூட்டாளி. மதுரங்குளியில் பசளைக் கடை வைத்திருக்கிறான். கூடாரம் வந்துவிட்டது, வா என்றான். போனேன். பையைக் கவிழ்த்தான். விரல் நீளக் கம்பி ஆணிகள் உருண்டன.

"இது என்ன மச்சான், எங்கட உம்மா முக்காட்டுக்குக் குத்துற ஊசியா?"

சிரிக்க முடியவில்லை.

"நீ கடக்கரையில தானே பொறந்த? இது மணலுக்குள்ள நிக்குமாடா?"

நிற்காது. எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த மாதக் காற்றில் மணலில் அடித்தது எதுவும் நிற்பதில்லை; சாக்கில் மண் நிரப்பிப் புதைத்துத்தான் எதையும் கட்டுவோம். ஒரு நிமிடம் கையில் எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன். நான் பார்த்தது புல்வெளியை.

நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். "கஸ்டமரோட நீங்களே கதைங்க" என்றாள் ஒருத்தி. பிறகு பதிலே இல்லை. அவங்களுக்குப் பேரும் இல்ல, முகமும் இல்ல. ஏச்சு வாங்க மட்டும் நான்.

ஆனால் "சரி" என்று எழுதியது யார்?

ஜூலை 26
எமிலியா படம் அனுப்பியிருக்கிறார். கூடாரம் மணலில் தட்டையாகக் கிடக்கிறது, ஒரு கம்பு பிளந்திருக்கிறது. பின்னால் வேனுக்குள் மெலிந்த ஒரு மனிதர், வயிற்றைப் பிடித்தபடி. கீழே ஒரு வரி: தம்பி, நீங்க எங்க இருக்கிறீங்க?

கொழும்பு என்று எழுதலாம். போனை அணைக்கலாம். அந்த நிறுவனம் அதைத்தானே செய்தது. ஆனால் வீட்டிலிருந்து தலவிலக் கரைக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம்கூட இல்லை.

ஜூலை 27
நௌஃபர் வெறும் யூரியாச் சாக்குகளை ஒரு கட்டாகத் தந்து, தானும் பின்னால் ஏறிக்கொண்டான். "சாமானையும் வாங்கி, வித்தவனுக்குக் கூலி வேலையும் செய்யிற ஆள் நான் ஒருத்தன்தான்."

எமிலியாவிடம் என் பெயரைச் சொன்னேன். வேனைக் காட்டினார். "மொதல்ல அவருக்குப் படுக்க இடம் செய்யுங்க. ஏச்சுப் பொறகு."

பிளந்த கம்புக்கு மூங்கில் வைத்துக் கட்டினோம். நாலு மூலைக்கும் மண் சாக்குப் புதைத்தோம். அவர் உள்ளே போய்ப் படுத்தார். பிறகு ஏச்சு வந்தது, ஒன்றும் மிச்சம் வைக்காமல். இடையில் சிங்களமும் வந்தது. எல்லாம் சரியான ஏச்சு.

மற்றவர்களில் மூன்று குடும்பத்தைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒருவர் சட்டையைப் பிடித்தார். அவருடைய கூடாரத்துக்கும் சாக்குப் புதைத்தேன்.

ஆகஸ்ட் 4
நேற்றோடு திருவிழா முடிந்தது. எமிலியாவின் மதிப்புரை: ஒரே ஒரு நட்சத்திரம். "கூடாரம் கூடாது. வித்த பிள்ளை வந்து கட்டித் தந்தது."

நியாயம்.

கண்டுபிடிக்க முடியாத இரண்டு பேரும் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். கணக்கு இரண்டு வாரத்துக்குப் பூட்டு. அந்த நிறுவனம் புதுப் படங்கள் அனுப்பியிருக்கிறது. மழைச் சப்பாத்து. பின்னால் பனிமலை.

ஆகஸ்ட் 19
பூட்டு நேற்றுத் திறந்தது. நான் இன்னும் ஒன்றும் போடவில்லை.

புத்தளத்துக் கடையில் கம்பை வளைத்துப் பார்த்து ஒரே ஒரு கூடாரம் வாங்கி வந்தேன். வீட்டுக்கு முன்னால் மணலில், சாக்குப் புதைத்து, காற்றுக்கு முகம் காட்டி நிற்கிறது. நாலாவது நாள். வடக்குப் பக்கத் தையல் ஓரிடத்தில் விட ஆரம்பித்திருக்கிறது. ஏலத்தில் போடும்போது காட்ட அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா காலையில் கேட்டா: "எப்பதான் விக்கப் போற?"

"இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும்" எண்டன்.